அறுவைப் பிரிவுப் போஸ்டிங்கில் எட்டு வாரம்: எதைக் கற்றுக்கொண்டு வெளியே வரவேண்டும்?

கருங்குயில் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். மருத்துவப் படிப்பில் நான்காம் ஆண்டு. அறுவை சிகிச்சைப் பிரிவில் எட்டு வாரப் போஸ்டிங். இரண்டு வாரம் முடிந்துவிட்டது. இதுவரை என்ன கற்றேன் என்று நேற்றிரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மனம் சோர்ந்துபோனது.

விடியற்காலை ஐந்தரைக்கு வார்டுக்குப் போகிறேன். ரவுண்ட்ஸில் கடைசி ஆளாக நிற்கிறேன். பிறகு ஆபரேஷன் தியேட்டர். செவ்வாய்க்கிழமை ஒரு பெருங்குடல் அறுவையில் நான்கு மணி நேரம் ரிட்ராக்டர் (வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் கருவி) பிடித்தேன். நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது எனக்கு முன்னால் நின்றவரின் தோள்பட்டை மட்டும்தான். நடுவில் ஓர் இரத்தக்குழாயின் பெயரைக் கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை. "படிக்காமல் ஏன் உள்ளே வந்தாய்?" என்று ஒரு சொல். அதன்பிறகு யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

நான் அறுவை மருத்துவர் ஆகப்போவதில்லை. மனநல மருத்துவம் படிக்க ஆசை. அதற்காக இந்த எட்டு வாரத்தை ஒப்பேற்றிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. என் கேள்வி இதுதான்: பின்னாளில் கத்தியையே தொடாத ஒரு மருத்துவர் இங்கே கட்டாயம் கற்றிருக்கவேண்டியது என்ன? தேர்வுக்கு எதைப் படிக்கலாம் என்று கேட்கவில்லை, அதற்குப் புத்தகம் இருக்கிறது. இந்த இடத்தில் நின்றால் மட்டுமே கிடைக்கக்கூடியது எது?

முடிச்சு

தங்கை, அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதது குற்றமில்லை. கேட்டவர் சொல்லிக்கொடுக்காமல் விட்டதுதான் குறை. ஆனாலும் அடுத்த முறை அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. நான் அறுவை மேற்படிப்பில் மூன்றாம் ஆண்டு. இதை இன்றும் நான் விடாமல் செய்கிறேன்.

மறுநாளைய தியேட்டர் பட்டியல் முந்தைய நாளே வந்துவிடும். அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த நோயாளியை மாலையே போய்ப் பாருங்கள். இவருக்கு ஏன் அறுவை, மருந்தால் ஏன் முடியாது, எந்தக் குழாயைக் கட்டப்போகிறார்கள், பக்கத்தில் எதைக் காயப்படுத்திவிட்டால் ஆபத்து என்ற நான்குக்கும் பதில் தெரிந்துகொண்டு உள்ளே வாருங்கள். ரிட்ராக்டர் பிடித்தாலும் அப்போது கண்ணுக்கு வேலை இருக்கும்.

பித்தப்பை அறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகப் படத்தில் பித்தப்பைக் குழாய் ஒரு நிறம், பொதுப் பித்தநாளம் வேறொரு நிறம். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் மஞ்சள் கொழுப்பு. அழற்சி இருந்தால் இரண்டும் ஒட்டிக் கிடக்கும். பொதுப் பித்தநாளத்தைப் பித்தப்பைக் குழாய் என்று எண்ணி வெட்டிவிடுவதுதான் இந்த அறுவையில் எல்லோரும் அஞ்சும் விபத்து. 1995இல் ஸ்டிராஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள். கொழுப்பையும் நாரையும் நீக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள்தான் போகின்றன என்று கண்ணால் கண்டபிறகே வெட்டவேண்டும். அடுத்த முறை திரையில் அந்தக் கணம் வருகிறதா என்று காத்திருந்து பாருங்கள். அதைத் தியேட்டரில் மட்டும்தான் பார்க்கமுடியும்.

கைவேலையையும் விட்டுவிடாதீர்கள். மனநல மருத்துவர் ஆவதற்கு முன் பயிற்சி மருத்துவராக இரவுப் பணி பார்க்கத்தான் போகிறீர்கள். நெற்றி கிழிந்து வருபவரை நீங்கள்தான் தைக்கவேண்டும். ஊசியை நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடியுங்கள். தோலுக்குச் செங்குத்தாக இறக்குங்கள். மணிக்கட்டைத் திருப்பினால் ஊசி தன் வளைவிலேயே வெளியே வரும், தள்ளினால் வளைந்துவிடும். தோலின் விளிம்புகள் தொட்டுக்கொண்டால் போதும். வெளுக்கும்வரை இறுக்கினால் அந்த இடம் இரத்த ஓட்டமில்லாமல் கெட்டுப்போகும். முடிச்சை அறையில் கையுறை அணிந்து பழகுங்கள், பிறகு கையுறையை நனைத்துக்கொண்டு பழகுங்கள். இரத்தம் பட்ட கையுறையில் நூல் வழுக்குவது வெறும் கையில் பழகியவர்களுக்குத் தெரியாது.

குடும்ப மருத்துவர்

நான் கத்தியை விட்டு 19 ஆண்டுகள் ஆகின்றன. முடிச்சுப் போடும் விரல் மறந்துவிட்டது. மறக்காமல் நிற்பது ஒன்று. எங்கள் பேராசிரியர் ஒருவர், வயிற்றுப் பரிசோதனை விதைப்பையில்தான் முடியவேண்டும் என்று விடாமல் சொல்வார். அடிவயிற்றோடு கையை எடுத்துவிட்டால், "பாதியில் எங்கே போகிறீர்கள்?" என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்தான். அடிவயிற்று வலி, இரண்டு முறை வாந்தி. ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னார். பையன் எதுவும் சொல்லவில்லை. தொடைகளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏன் பார்க்கவேண்டும் என்று அவனுக்கும் அம்மாவுக்கும் விளக்கிவிட்டுப் பார்த்தேன். இடது விதை மேலேறிக் குறுக்காகக் கிடந்தது. தொடையின் உட்புறத்தை வருடினால் விதை மேலே இழுபடவேண்டும். அந்தப் பக்கம் அசையவேயில்லை. வலி தொடங்கி மூன்று மணி நேரம். விதை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அதற்குமேல் போகப்போக வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்து உட்காரவைக்காமல் நேராக அறுவைப் பிரிவுக்கு அனுப்பினேன். காப்பாற்றிவிட்டார்கள். அவன் வெட்கப்பட்டு மறைத்தான் என்று பழிபோட முடியாது. கேட்கவேண்டியவர் மருத்துவர்தான்.

கருங்குயிலுக்கு நான் சொல்வது: இப்படி, அன்றே அனுப்பினால் பிழைக்கும், நாளை அனுப்பினால் பிழைக்காது என்ற நோயாளிகளைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்த குடலிறக்கம், இப்போது போகாமல் இறுகி, தொட்டால் வலிக்கிறது. நடந்துகொண்டிருந்தவரின் கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டுப்போனது. வயிறு தொட்டால் மெத்தென்று இருக்கிறது, நோயாளியோ வலியால் துடிக்கிறார்; குடலுக்குப் போகும் இரத்தம் நின்றிருக்கலாம். கருவுறும் வயதுப் பெண்ணுக்கு வயிற்று வலி என்றால், அவர் என்ன சொன்னாலும், கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. இவர்களில் ஒவ்வொருவரையும் ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

வார்டு விளக்கு

அறுவைப் பிரிவில் 26 ஆண்டுகளாக இருக்கிறேன். மாணவர்களுக்குக் கற்பிப்பது எனக்குப் பிடித்த வேலை. முடிச்சு சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. மாணவர் முதலில் கற்கவேண்டிய இடம் தியேட்டருக்கு வெளியே இருக்கிறது.

ஒரு நிகழ்ச்சி. பெருங்குடலின் ஒரு பகுதியை எடுத்து முனைகளை இணைத்துத் தைத்திருந்தோம். அறுபது வயதைத் தாண்டியவர். ஐந்தாம் நாள் காலை ரவுண்ட்ஸ். காய்ச்சல் இல்லை, இரத்த அழுத்தம் சரி, காயம் சுத்தம். "நன்றாக இருக்கிறார், நீராகாரம் கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனோம். ஒரு மாணவர் மட்டும் அங்கேயே நின்றார். என்ன என்று கேட்டேன். "நாடி 118 இருக்கிறது ஐயா. மூச்சு நிமிடத்துக்கு 26. முழு நிமிடம் எண்ணினேன். நேற்று என்னிடம் தன் பேரனைப் பற்றி நிறையப் பேசினார். இன்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார்" என்றார். விளக்கப் பலகையில் அன்று காலை எழுதியிருந்த மூச்சு எண்ணிக்கை 18. அதற்கு முந்தைய நாளும் 18. அதற்கும் முந்தைய நாளும் 18. யாருமே எண்ணவில்லை என்று அதற்குப் பொருள்.

அன்று மதியம் ஸ்கேன் எடுத்தோம். இணைப்பு கசிந்திருந்தது. மாலையே மீண்டும் திறந்தோம். அவர் மூன்று வாரம் கழித்து நடந்து வீட்டுக்குப் போனார். இணைப்புக் கசிவு முதலில் தலைகாட்டுவது பல நேரம் காரணம் தெரியாத வேகமான நாடியாகத்தான். காய்ச்சலும் வயிற்று இறுக்கமும் பின்னால் வரும்.

இதைத்தான் கற்கச் சொல்கிறேன்: யாருக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிப்பது. கேட்க எளிது, செய்யக் கடினம். இரத்தக் கசிவைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம். அதில் ஒன்றரை லிட்டர்வரை போனாலும் படுத்த நிலையில் இரத்த அழுத்தத்தின் மேல் எண் இயல்பாகவே இருக்கக்கூடும். அதற்கு முன்பே நாடி ஏறியிருக்கும், கை சில்லிட்டிருக்கும், சிறுநீர் குறைந்திருக்கும், காரணமில்லாமல் பதற்றமாக இருப்பார். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் நாடியும் ஏறாமல் உங்களை ஏமாற்றும். ஆகவே அழுத்தம் விழும்வரை காத்திருப்பவர் நேரத்தை இழந்துவிடுகிறார். சிறுநீர் மணிக்கு, கிலோ எடைக்கு அரை மில்லியாவது வரவேண்டும். 60 கிலோ என்றால் 30 மில்லி. பையைத் தூக்கிப் பாருங்கள், அளவைப் படியுங்கள், எத்தனை மணி நேரத்தில் சேர்ந்தது என்று கேளுங்கள். உள்ளே சேரும் நீரை வெளியேற்ற வைத்த குழாயில் (டிரெயின்) வருவது இரத்தமா, பித்தமா, தெளிந்த நீரா என்று நீங்களே பாருங்கள். அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதாதீர்கள்.

அடுத்தது வயிறு. ஒரே வயிற்றை இரண்டு முறை தொட்டுப் பாருங்கள். காலையில் ஒருமுறை, நான்கு மணி நேரம் கழித்து அதே கையால் ஒருமுறை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள், உங்கள் முன்கை வயிற்றின் மட்டத்துக்கு வரட்டும். கையை உரசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். தொடுவதற்கு முன் இருமச் சொல்லுங்கள். இருமும்போது கை எங்கே போகிறதோ அங்கே வலி. வலி இல்லாத பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கண் வயிற்றில் இருக்கவேண்டாம், முகத்தில் இருக்கட்டும். புருவம்தான் முதலில் சொல்லும். குடல் முறுக்கி இழுக்கும் வலி உள்ளவர் படுக்கையில் புரண்டுகொண்டே இருப்பார். வயிற்றறை முழுவதும் அழற்சி பரவியவர் அசையாமல் கிடப்பார். யாராவது கட்டிலை இடித்தால்கூட முகம் சுளிப்பார். குடல்வால் அழற்சியில் வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்குவது, அழற்சி குடலைத் தாண்டி வயிற்றறையின் உட்சுவரைத் தொட்டுவிட்டதற்கு அடையாளம். அந்த இடமாற்றம் ஒரே ஒருமுறை பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டாம் முறை போகிறவருக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. ஒரு நோயாளியையாவது முதலிலிருந்து முடிவுவரை பின்தொடருங்கள். அவசரப் பிரிவில் படுத்திருந்தபோது, கையெழுத்துப் போட்டபோது, தியேட்டரில், முதல் இரவில், வாயு பிரிந்த நாளில், தையல் எடுத்த நாளில். எடுத்த பகுதியின் நோய்க்குறியியல் அறிக்கை வரும்போது அதையும் படியுங்கள். பத்துப் பேரின் நடுப்பகுதியைப் பார்ப்பதைவிட இது பெரிது.

முடிச்சு

ஐயா, ஒரே ஒரு கேள்வி. ஐந்தாம் நாள் அந்த நாடியைக் கவனித்த மாணவர், அந்த அறுவையில் உடன் நின்றவரா?

வார்டு விளக்கு

ஆம். மூன்று மணி நேரம் ரிட்ராக்டர் பிடித்தவர். அந்த இணைப்பை எங்கே தைத்தோம், எவ்வளவு சிரமப்பட்டோம் என்று பார்த்தவர்.

நீங்கள் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. ஒப்புக்கொள்கிறேன். எதற்கு அஞ்சவேண்டும் என்பது அவருக்குத் தியேட்டரில் தெரிந்தது. வரிசையைப் பற்றிய என் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

பச்சை அங்கி

நான் தியேட்டர் செவிலியர், 14 ஆண்டுகள். மருத்துவர்கள் சொல்லாமல் விடுவதை நான் சொல்கிறேன்.

உள்ளே வந்ததும் உங்கள் பெயரையும் எந்த ஆண்டு என்பதையும் எங்களிடம் சொல்லுங்கள். கையுறை அளவைச் சொல்லுங்கள். அளவு தெரியாது என்றால் அதையும் சொல்லுங்கள், அளந்து தருகிறோம். கை கழுவும்போது விரல் நுனி மேலே, முழங்கை கீழே. தண்ணீர் எப்போதும் சுத்தமான பக்கத்திலிருந்து வழிந்து போகவேண்டும். அங்கி போட்டபின் உங்கள் கைகளுக்கு இடம் இடுப்புக்கு மேலே, மார்புக்குக் கீழே. அங்கியின் முதுகுப்பக்கம் சுத்தமில்லாதது என்றே கணக்கு. அதனால் பச்சைத் துணி விரித்த மேசைக்கு முதுகைக் காட்டித் திரும்பாதீர்கள். எங்கேயாவது பட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் பட்டுவிட்டது என்றே வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். கையுறை மாற்ற ஒரு நிமிடம் ஆகும். சொல்லாமல் மறைத்தால் ஒரு மாதம் சீழ் வடியும் காயம் அந்த நோயாளிக்கு.

தலை சுற்றினால் நின்று சமாளிக்க முயலவேண்டாம். காது அடைக்கும், வியர்க்கும், வெளிச்சம் மங்கும். அப்போதே "எனக்கு மயக்கம் வருகிறது" என்று சொல்லிப் பின்னால் நகர்ந்து, சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். முன்பக்கமாக நோயாளியின் மீது விழுவதுதான் ஆபத்து. இன்று கைதேர்ந்த அறுவையர்களாக இருக்கும் பலரை அந்தத் தரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். காலையில் சாப்பிடாமல் வராதீர்கள்.

ஊசி குத்திவிட்டால் மறைக்கக்கூடாது. அழுத்திப் பிழியவேண்டாம். சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு உடனே தெரிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது; 72 மணி நேரத்தைத் தாண்டவிடக்கூடாது. திட்டுவார்கள் என்று அஞ்சி மூன்று நாள் கழித்துச் சொன்ன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

முன்னால் நிற்பவரின் தோள்தான் தெரிகிறது என்றால் கால்படி கேளுங்கள். ஒவ்வொரு தியேட்டரிலும் இருக்கும். கேட்டால் எடுத்துப் போடுவோம்.

கருங்குயில்

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எனக்காகச் செலவழிப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கால்படி கேட்கலாம் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு செய்திகளைக் கேட்கவேண்டும். நேற்று இரவு அவசரப் பிரிவில் வயிற்று வலியோடு ஒருவர் துடித்துக்கொண்டிருந்தார். மூத்த மருத்துவர் வந்து பார்க்கும்வரை வலி மருந்து போடக்கூடாது, போட்டால் நோய் மறைந்துவிடும் என்றார்கள். இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில் நின்றேன். இது சரியா?

இன்னொன்றைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. போன வாரம் மயக்கத்தில் இருந்த ஒருவருக்கு ஆசனவாய்ப் பரிசோதனை செய்து பழகச் சொன்னார்கள். செய்தேன். அவரிடம் யாரும் முன்பே கேட்டதாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவருடைய படுக்கைப் பக்கம் போக என்னால் முடியவில்லை.

மூச்சுக்காற்று

நான் மயக்கவியல் மருத்துவர். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

வலி மருந்து நோயை மறைத்துவிடும் என்பது பழைய பாடம். ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ இல்லாத காலத்தில் வயிற்றின் இறுக்கம் ஒன்றே ஆதாரமாக இருந்தபோது பிறந்தது. பின்னால் பல ஆய்வுகளில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மார்ஃபின் வகை மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நோயறிதலில் தவறு கூடவில்லை. வலி தணிந்தவர் வயிற்றைத் தளர்த்திப் படுப்பதால் வலி எங்கே என்று பிடிப்பது எளிதாவதும் உண்டு. அளந்து கொடுக்கவேண்டும், கொடுத்தபின் மீண்டும் தொட்டுப் பார்க்கவேண்டும். மருந்து எழுதும் அதிகாரம் உங்களுக்கு இன்னும் இல்லை. ஆனால் பணியில் இருப்பவரிடம் போய், "இவருக்கு வலி பத்துக்கு ஒன்பது என்கிறார், ஏதாவது கொடுக்கலாமா?" என்று கேட்க அதிகாரம் தேவையில்லை. ஒருமுறை கேட்டு மறுத்தால் அரை மணி நேரம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

இரண்டாவது. உங்கள் மனம் சொல்வது சரி. நோயாளி விழித்திருக்கும்போது, மாணவர் ஒருவர் இந்தப் பரிசோதனையைச் செய்வார், சம்மதமா என்று தெளிவாகக் கேட்டு, அவர் ஆம் என்றால்தான் செய்யலாம். அறுவைக்குக் கையெழுத்திட்டது இதற்கும் சேர்த்து ஆகிவிடாது. உங்களைச் செய்யச் சொன்னவர்தான் அதற்குப் பொறுப்பு. அடுத்த முறை, "இவரிடம் கேட்டுவிட்டோமா? கேட்காவிட்டால் நான் செய்யவில்லை" என்று சொல்லலாம். தனியாகச் சொல்ல அச்சமாக இருந்தால் தலைமாட்டில் நிற்கும் என் போன்ற ஒருவரிடம் சொல்லுங்கள். நாங்கள் நோயாளியின் பக்கம் நிற்கத்தான் அங்கே இருக்கிறோம். நடந்ததை உங்கள் ஒருங்கிணைப்பாளரிடமும் சொல்லிவிடுங்கள். நோயாளிக்கு அதைத் தெரிவிக்கும் பொறுப்பு மூத்தவர்களுடையது, உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

பேச ஓர் இடமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், தோலைக் கீறும் முன், தியேட்டரை விட்டு நோயாளி வெளியேறும் முன் என்று மூன்று இடத்தில் எல்லோரும் நின்று வாய்விட்டுச் சரிபார்க்கவேண்டும். எட்டு மருத்துவமனைகளில் சோதித்ததில் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததாக 2009இல் ஆய்வு வெளியானது. கீறும் முன் ஒவ்வொருவரும் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும் என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. மாணவரும் அந்த "ஒவ்வொருவரும்" என்பதில் சேர்த்தி. ஒருமுறை பெயரைச் சொன்னவருக்கு, பின்னால் ஏதாவது தவறாகத் தெரிந்தால் வாய் திறப்பது எளிதாகிறது. அடுத்த அறுவையில் அந்த மூன்று நிறுத்தங்களையும் கவனியுங்கள். நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து கடந்த 60 நிமிடத்துக்குள் போடப்பட்டதா என்று யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்று பாருங்கள்.

படுக்கை எண் 14

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் இல்லை. போன ஆண்டு குடல் அடைப்புக்கு அறுவை செய்துகொண்டவன். இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்ததால் எழுதுகிறேன்.

காலையில் பத்துப் பேர் வருவார்கள். என் வயிற்றைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். போய்விடுவார்கள். பதினோரு மணிக்கு ஒரு மாணவர் மட்டும் திரும்பி வருவார். "காலையில் பேசியது உங்களுக்குப் புரிந்ததா?" என்று கேட்பார். மூக்கில் இருந்த குழாயை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று எனக்கு அந்த வார்டில் விளக்கியவர் அவர் ஒருவர்தான். தெரியாத கேள்வியென்றால் "கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்" என்பார், மாலையில் வந்து சொல்லவும் செய்வார். என் வயிற்றில் உள்ள தழும்பைப் போட்டவரின் முகம் எனக்கு நினைவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் இருக்கிறது.

மனவெளி

கருங்குயில், நான் மனநல மருத்துவர். உங்களுக்கென்றே ஒன்று. குளோசபின் என்ற மனநோய் மருந்தைக் கொடுக்கும் நோயாளிகளுக்குக் குடல் அசைவு மிகவும் மந்தமாகும். மலச்சிக்கலாகத் தொடங்கிக் குடல் முழுவதும் நின்றுபோய் உயிருக்கே ஆபத்தாவது உண்டு. அந்த நோயாளி வலியை நீங்கள் எதிர்பார்க்கும் சொற்களில் சொல்லமாட்டார். வயிற்றில் யாரோ இருக்கிறார்கள் என்று சொல்லலாம், சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எதுவுமே சொல்லாமலும் இருக்கலாம். அது நோயின் பேச்சு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது மிக எளிது. உப்பிய வயிற்றைத் தொட்டுப் பழகிய கை எங்கள் வார்டில் எவ்வளவு அரிது என்று நீங்கள் வந்தபிறகு பார்ப்பீர்கள். அந்தக் கையோடு வாருங்கள்.

இரவுப்பணி

பயிற்சி மருத்துவர் நான். ஒன்றே ஒன்று: தொலைபேசியில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு மூத்தவரை எழுப்பி நோயாளியின் பிறந்த கதையிலிருந்து தொடங்கினால் அவர் பாதியில் தூங்கிவிடுவார். முதல் வாக்கியத்திலேயே கவலையைச் சொல்லுங்கள்: "குடல் இணைப்பு, நான்காம் நாள், நாடி 124, கசிவோ என்று அஞ்சுகிறேன், நீங்கள் வந்து பார்க்கவேண்டும்." பிறகு அவர் கேட்பார், நீங்கள் சொல்லலாம். அழைப்பதற்கு முன் விளக்கப் பலகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருங்குயில் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

ஒருங்கிணைப்பாளரிடம் பேசிவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். இப்போது தியேட்டருக்குப் போகும் முன் சம்மதப் படிவத்தில் மாணவர் பரிசோதனைக்குத் தனியாக ஒரு வரி எழுதி, நோயாளியிடம் கேட்கிறார்கள். அந்த நோயாளியிடம் மூத்தவர் ஒருவர் பேசினார். நானும் உடன் போனேன். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத விரும்பவில்லை.

திங்கட்கிழமை இரவு இருபது வயதுப் பெண் ஒருவர் வலது அடிவயிற்று வலியோடு வந்தார். கர்ப்பப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. ஒன்பது மணிக்குத் தொட்டுப் பார்த்தேன். வலது அடிவயிற்றில் அழுத்தினால் வலி, இருமினாலும் கொஞ்சம் வலி. குடல்வால் என்றே முடிவுகட்டிவிட்டேன். தியேட்டருக்குச் சொல்லிவிடலாம் என்று பயிற்சி மருத்துவரும் சொன்னார். மூத்தவர் வந்து பார்த்துவிட்டு, "காத்திருப்போம். நீயே மறுபடியும் பார்த்துச் சொல்" என்றார். வலிக்கு மருந்து கொடுத்தார்கள்.

ஒரு மணிக்குப் போனேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையைச் சூடாக்கிக்கொண்டு, முகத்தைப் பார்த்தபடி தொட்டேன். இருமச் சொன்னேன், புருவம் அசையவில்லை. நாடி 96இலிருந்து 82க்கு வந்திருந்தது. ஐந்து மணிக்கு மறுபடியும் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பித் தொட்டபோது வயிறு மெத்தென்று இருந்தது. மாதவிடாய்க் கணக்கைக் கேட்டிருந்தேன்: சுழற்சியின் நடுவில் இருந்தார். கருமுட்டை வெளியாகும்போது வரும் வலியாக இருக்கும் என்று மூத்தவர் சொன்னார். காலை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அதற்கு மாறாக எதையும் காட்டவில்லை. அறுவை இல்லாமலே வீட்டுக்குப் போனார். ஒன்பது மணி வயிற்றை மட்டும் பார்த்திருந்தால் நான் அவரைத் தியேட்டருக்கு அனுப்பியிருப்பேன்.

வார்டு விளக்கு

மூன்று முறையும் ஒரே கை. மிகவும் மகிழ்ச்சி, அம்மா. ஒன்று கேட்கிறேன்: வீட்டுக்கு அனுப்பும்போது அவரிடம் என்ன சொன்னீர்கள்?

கருங்குயில்

வலி திரும்ப வந்து நிலையாக நின்றால், காய்ச்சல் வந்தால், வாந்தி நிற்காமல் போனால், நடக்கும்போது அதிர்வில் வலித்தால் நேரம் பார்க்காமல் திரும்பி வரச் சொன்னேன். தாளில் எழுதியும் கொடுத்தேன். நேற்று முன்தினம் போனில் விசாரித்தோம், நலமாக இருக்கிறார்.

வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஒரு குடலிறக்கம் இருக்கிறது. நோயாளி இன்று மாலை சேர்கிறார் என்றார்கள். அந்த நான்கு கேள்விகளுக்கும் படித்துவிட்டேன். இப்போது அவரைப் பார்க்கப் போகிறேன். கால்படிக்கும் சொல்லிவைத்துவிட்டேன்.